வட்டும் செய்முறை ஏடும்: நேரியங்கு வட்டுகளின் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு நூலைப் படித்தற்குரிய உரிமை வேறு. அதனைப் படியெடுத்தற்குரிய உரிமை வேறு. அதனைக் கூட்டியும் குறைத்தும் புதியதொரு பதிப்பாக வெளியிடுதற்குரிய உரிமை வேறு. இம்மூன்றனுள் இறுதியிற் கூறிய உரிமையே அரிதிற் கிடைப்பது. கணிப்பொறியின் இயங்குதளத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையை எல்லார்க்கும் பொதுவாக்கியது கட்டற்ற மென்பொருள் இயக்கமாகும்.

ஆயினும், உரிமை ஆவணத்தில் எழுதப்பெற்ற நாளிலேயே அது மக்கள் கைக்கு வந்துவிட்டது எனக் கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. மூலநிரலைத் தொகுக்கவும் பல்லாயிரம் கோப்புகளை ஒருங்கிணைக்கவும் வல்ல சிலரே தொடக்கக் காலத்தில் அவ்வுரிமையைத் துய்த்தனர். மற்றையோர்க்கு அஃது ஏட்டளவில் நின்றது. அதனைக் கைக்கெட்டச் செய்தவற்றுள் சிறந்ததொன்று, வன்தட்டில் நிறுவாமலே வட்டிலிருந்து நேரே இயங்கும் இயங்குதளம். உலக வழக்கில் இதனை 'லைவ் சிடி' என்பர். இக்கட்டுரை அதனை 'நேரியங்கு வட்டு' எனக் குறிக்கும்.

இவ்வட்டைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்த வரலாற்றில் இரு படிகள் உள. முதற்படியில் வட்டு கைமாறியது. இரண்டாம் படியில் வட்டைச் செய்யும் முறை எழுத்துவடிவில் கைமாறியது. இவ்விரண்டனுள் பின்னதே நிலைத்த பயன் தந்தது என்பதும், மாற்றும் உரிமையோடு மாற்றியதை வெளிப்படக் கூறும் கடமையும் உடன்பிறந்தது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

2. உரிமையின் தோற்றம்

ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983ஆம் ஆண்டில் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளமொன்றை ஆக்குதல் அதன் நோக்கம். அந்நோக்கத்திற்குச் சட்டக்காப்பாக க்னூ பொது உரிமத்தின் முதற்பதிப்பு 1989இலும் இரண்டாம் பதிப்பு 1991இலும் வெளிவந்தன. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருனி, 1992இல் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

கருனி மட்டும் இயங்குதளம் ஆகாது. அதனோடு கட்டளைக் கருவிகள், நிரல்தொகுப்பிகள், சாளர அமைப்பு, எழுத்துருக்கள் முதலியன யாவும் ஒருங்கு சேர்தல் வேண்டும். இங்ஙனம் சேர்த்துத் தருவனவற்றை வழங்கல்கள் என்பர். அவற்றுள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது, இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன்.

டெபியனின் சிறப்பு இரண்டு. ஒன்று, அதன் பொதி அமைப்பு. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகும். எப்பொதி எதனைச் சார்ந்துள்ளது என்பது அப்பொதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒன்றைச் சேர்ப்பினும் நீக்கினும் அதனால் வரும் விளைவைக் கருவியே கணித்துரைக்கும். மற்றொன்று, 1997இல் ஏற்கப்பட்ட அதன் சமூக ஒப்பந்தம். கட்டற்ற மென்பொருள் எது, அன்று எது என்பதை வரையறுத்து, இருவகையினையும் தனித்தனிக் களஞ்சியங்களில் வைத்தது டெபியன். முதன்மைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த எதனையும் மாற்றி வெளியிடலாம் என்னும் உறுதியினை இப்பிரிவினை தந்தது. பின்னாளில் எண்ணிறந்த வட்டுகள் டெபியன் வழிவந்தமைக்கு இவ்விரண்டும் காரணமாயின.

3. மூன்று இடர்ப்பாடுகள்

லினக்ஸ் குறுந்தட்டில் நேரே இயங்கக்கூடும் என்பதை முதன்முதற் காட்டியது இக்ட்ராசில் என்னும் வழங்கல். ஆடம் ரிக்டர் என்பார் அமெரிக்க நாட்டுப் பெர்க்லி நகரில் நடத்திய நிறுவனம் 1992ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் முன்வெளியீட்டை வழங்கியது. லினக்ஸ் தோன்றி ஓராண்டு அளவே ஆகியிருந்த காலம் அது. எனினும் இக்ட்ராசில் காட்டிய வழியில் பலர் உடனே செல்லவில்லை. அதற்கு மூன்று இடர்ப்பாடுகள் காரணமாயின.

முதலாவது, தொடங்குதல். அக்காலக் கணிப்பொறிகள் குறுந்தட்டிலிருந்து தாமே தொடங்கமாட்டா. ஆதலின் இக்ட்ராசில் வட்டோடு நெகிழ்வட்டு ஒன்றும் சேர்த்து வழங்கப்பட்டது. பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட எல் டொரிட்டோ என்னும் வரையறை இக்குறையைத் தீர்த்தது. குறுந்தட்டின் குறித்த ஓரிடத்தில் தொடக்கப் பட்டியல் ஒன்றை வைத்தால், கணிப்பொறியின் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு அதனைப் படித்துத் தொடக்க நிரலை இயக்கும் என்பதே அதன் சாரம்.

இரண்டாவது, எழுதவியலாமை. குறுந்தட்டு படித்தற்கே உரியது. இயங்குதளமோ நொடிதோறும் எதனையேனும் எழுதிக்கொண்டிருப்பது. தற்காலிகக் கோப்பும், பயனர் அமைப்பும், செயற்குறிப்பும் எழுத இடமின்றேல் அஃது இயங்காது.

மூன்றாவது, கொள்ளளவும் விரைவும். ஒரு குறுந்தட்டு 650 முதல் 700 மெகாபைட்டு வரையே கொள்ளும். முழு இயங்குதளமோ அதனினும் பெரிது. மேலும் வன்தட்டை நோக்கக் குறுந்தட்டைப் படிக்கும் விரைவு மிகக் குறைவு. இவற்றோடு, முன்பின் அறியாத ஒரு கணிப்பொறியில் இடப்படும் வட்டு, அதன் திரை, ஒலி, வலையமைப்புக் கருவிகளைத் தானே அறிந்துகொள்ளவும் வேண்டும். நிறுவுவோன் ஒவ்வொரு கேள்விக்கும் விடைகூறும் வழக்கம் இங்குப் பயன்படாது.

இவ்விடர்ப்பாடுகளை நீக்கும் முயற்சிகள் 1990களின் இறுதியில் ஒருங்கே எழுந்தன. பிரான்சு நாட்டில் ரொபெர்ட்டோ டி காஸ்மோ முதலியோர் டெமோலினக்ஸ் என்னும் வட்டை ஆக்கினர். அமெரிக்காவில் லினக்ஸ்கேர் நிறுவனத்தார் 1999இல், முகவரி அட்டையளவான சிறுகுறுந்தட்டில் பழுதுநீக்கும் கருவிகள் அடங்கிய வட்டொன்றை வழங்கினர். அதன் கொள்ளளவு 50 மெகாபைட்டு அளவினதே. அச்சிற்றிடத்தில் மிகுதியான கருவிகளை அடக்கும்பொருட்டு ரஸ்டி ரஸ்ஸல் என்பார் குளூப் என்னும் கருனிக் கூற்றை எழுதினார். கோப்பமைப்பு முழுவதையும் சிறு துண்டுகளாக்கிச் சுருக்கி வைத்து, வேண்டிய துண்டை மட்டும் வேண்டியபோது விரித்துத் தருவது அதன் தொழில். மூன்றாம் இடர்ப்பாட்டிற்கு இதுவே மருந்தாயிற்று.

4. க்னாப்பிக்ஸ்

மேற்கூறிய கூறுகளை ஒருங்கிணைத்து, பொதுமக்கள் எடுத்தாளத்தக்க முழு இயங்குதளமாக ஆக்கியவர் செருமானிய நாட்டு மின்பொறியியலாளர் கிளாஸ் க்னாப்பர். அவர் பெயரடியாக அமைந்ததே க்னாப்பிக்ஸ். 2000ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டில் அவர் அளித்த ஆய்வுரை, தன்னைத்தானே அமைத்துக்கொள்ளும் லினக்ஸ் அமைப்பைக் குறுந்தட்டின் கோப்பமைப்பில் கட்டுவது எங்ஙனம் என்பதை விளக்கியது. வட்டை வழங்கியதோடு அமையாது அதன் ஆக்கமுறையையும் அறிஞர் அவையில் அவர் வைத்தமை கருதத்தக்கது.

க்னாப்பிக்ஸ் டெபியன் பொதிகளால் ஆயது. குளூப் சுருக்கத்தால் ஏறத்தாழ 2 கிகாபைட்டு மென்பொருள் 700 மெகாபைட்டு வட்டினுள் அடங்கிற்று. சுருக்கத்தால் இடம் மிஞ்சியதோடு விரைவும் கூடிற்று என்பது வியப்பிற்குரியது. வட்டிலிருந்து படிக்கவேண்டிய அளவு குறைந்தமையாலும், விரிக்கும் வேலையைச் செயலி விரைந்து முடித்தமையாலும், சுருக்காத வட்டினும் சுருக்கிய வட்டு விரைந்து இயங்கியது. கருவிகளை அறியும் நிரலும் வட்டிலேயே இருந்தமையின், பெரும்பான்மைக் கணிப்பொறிகளில் ஒரு கேள்வியும் கேளாமல் மேசைத்தளம் தோன்றிற்று.

எழுதவியலாமை என்னும் இடர்ப்பாட்டிற்குத் தொடக்கத்தில் அரைகுறைத் தீர்வே கிடைத்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டுபோல் அமைத்து, மாறக்கூடிய அடைவுகளை மட்டும் அதில் வைத்தனர். ஏனையவற்றைத் தொடவியலாது. நியூயார்க்கு மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பெற்ற யூனியன்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்பு இந்நிலையை மாற்றிற்று. கீழே எழுதவியலாத வட்டு, மேலே எழுதத்தக்க நினைவகம் என இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒன்றேபோற் காட்டுவது இது. பயனர் ஒரு கோப்பைத் திருத்தினால் திருத்தம் மேலடுக்கில் நிற்கும், கீழடுக்கு மாறாது. கணிப்பொறியை நிறுத்தியவுடன் மேலடுக்கு மறையும். 2005இல் வந்த க்னாப்பிக்ஸ் 3.8 இதனைக் கையாண்டது. இதே கருத்தினைக் கொண்ட ஓவர்லேஎஃப்எஸ் 2014இல் லினக்ஸ் கருனியிலேயே இடம்பெற்றது. சுருக்கத்திலும் குளூப்பின் இடத்தைப் பெரும்பான்மை வழங்கல்களில் ஸ்குவாஷ்எஃப்எஸ் கைக்கொண்டது. பிலிப் லாகர் ஆக்கிய இது 2009இல் கருனியில் சேர்ந்தது.

5. மீளச்சமைத்தலும் அதன் கிளைகளும்

க்னாப்பிக்ஸ் தோன்றிச் சில ஆண்டுகளுள் அதனை மாற்றியமைத்து வெளியிடுதல் பெருவழக்காயிற்று. அச்செயலை மீளச்சமைத்தல் எனலாம். அதன் முறையைச் சுருங்கக் கூறுதும்.

முதற்கண், வட்டிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, வன்தட்டில் சில கிகாபைட்டு இடத்தை ஒதுக்கி, வட்டினுள் சுருங்கிக் கிடக்கும் கோப்பமைப்பினை விரித்து அங்குப் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, அப்படியினையே வேர் அடைவாகக் கொண்டு அதனுட் புகுதல் வேண்டும். இதனைச் செய்யும் கட்டளை வேர்மாற்றக் கட்டளை எனப்படும். புகுந்தபின், இயங்கும் அமைப்பு வேறு, திருத்தப்படும் அமைப்பு வேறு என்றாகிறது. திருத்தப்படுவது தானே முழு அமைப்பு எனக் கருதிக்கொள்ளும். அந்நிலையில் டெபியனின் பொதிக்கருவியால் வேண்டாதவற்றை நீக்கி வேண்டுவனவற்றைச் சேர்க்கலாம். எவற்றை நீக்குவது என்பதே ஆக்குவோனுக்கு உரிய பெருஞ்சிக்கல். வட்டின் அளவு வரையறுக்கப்பட்டதாதலின், ஒன்றைச் சேர்த்தல் பிறிதொன்றை நீக்கியே முடியும். இறுதியாக, எஞ்சிய தற்காலிகக் கோப்புகளை அகற்றி, கோப்பமைப்பைத் திரும்பச் சுருக்கி, தொடக்க நிரலோடு சேர்த்து, எல் டொரிட்டோ முறைப்படி வட்டுப்படிமமாக்கி எரித்தல் வேண்டும்.

இம்முறைக்கு நிரலெழுதும் புலமை வேண்டுவதில்லை. கட்டளைகளை முறைப்படி இடும் பொறுமையும், எது எதனைச் சார்ந்தது என்னும் தெளிவும் போதும். உரிமை மக்கள் கைக்கு வந்தது இவ்விடத்தேதான். ஒரு பள்ளியாசிரியரோ ஆய்வாளரோ தம் துறைக்குரிய இயங்குதளத்தைச் சில நாட்களில் ஆக்கி, மாணவர் கையில் ஒரு வட்டாகத் தரலாயினர்.

விளைந்த கிளைகள் பல. ஜான் ஆண்ட்ரூஸ் தொடங்கிய டேம் ஸ்மால் லினக்ஸ், முழு மேசைத்தளத்தையும் 50 மெகாபைட்டுக்குள் அடக்குவதையே விரதமாகக் கொண்டு பழங்கணிப்பொறிகளுக்கு உயிரூட்டியது. டர்க் எடெல்பியூட்டல் 2003இல் தொடங்கிய குவான்ஷியன், புள்ளியியல், கணிதம் முதலிய துறைகளின் கருவிகளைத் தொகுத்தது. தொகுப்பு பெருகிக் குறுந்தட்டில் அடங்காமையின் பின்னர் டிவிடி வட்டுக்கு மாறியது. நெதர்லாந்தில் எழுந்த மார்பிக்ஸ், வட்டை அடிக்கூறு, முதற்கூறு, சிறுகூறு எனப் பகுத்து, கூறுகளை மாற்றியமைத்தாலே புதுவட்டு கிடைக்குமாறு செய்தது. செக் நாட்டில் டொமாஷ் மத்தேயீசெக் ஆக்கிய சிலாக்ஸும், ஸ்லாக்வேர் என்னும் வேறு வழங்கலை அடியாகக் கொண்டு, இக்கூற்றுமுறையினைக் கையாண்டது.

வட்டுகளின் வழிமரபு நூல்களின் வழிமரபு போலவே கிளைத்தும் கலந்தும் செல்வது. பாதுகாப்பு ஆய்வுக்கெனத் தோன்றிய ஹாப்பிக்ஸ் க்னாப்பிக்ஸ் வழியினது. அதுவே பின்னர்ச் சிலாக்ஸை அடியாகக் கொண்டு ஹாக்ஸ் எனப் பெயர்பெற்றது. க்னாப்பிக்ஸ் வழிவந்த ஆடிட்டர் என்னும் தொகுப்போடு அது கலந்து 2006இல் பேக்ட்ராக் ஆயிற்று. பேக்ட்ராக் 2013இல் டெபியனை நேரடி மூலமாகக் கொண்டு காளி எனப் புதுவடிவு பெற்றது. பெயரும் மூலமும் மாறியும் நோக்கம் தொடர்ந்தது.

க்னாப்பர் தாமே செய்த மாற்றமொன்று இவையனைத்தினும் உயர்ந்தது எனலாம். பார்வையற்றோர்க்கெனத் திரையின் துணையின்றிக் குரலால் வழிகாட்டும் எட்ரியன் என்னும் அமைப்பை 2007இல் அவர் க்னாப்பிக்ஸில் சேர்த்தார். பார்வைக்குறையுடைய தம் மனைவியாரின் பெயரை அதற்கு இட்டார். பெருநிறுவனம் ஒன்று, வாங்குவோர் சிலரே என விடுத்திருக்கக்கூடிய தேவையைத் தனியொருவர் நிறைவேற்ற இயன்றது மாற்றும் உரிமையும் வழியும் ஒருங்கு வாய்த்தமையால் அன்றோ!

6. வட்டிலிருந்து செய்முறை ஏட்டிற்கு

மீளச்சமைத்தலில் பெருங்குறை ஒன்றும் இருந்தது. வட்டு கிடைக்கும்; அது சமைந்த வழி கிடையாது. வேர்மாற்றத்தின் உட்புகுந்து ஒருவர் இட்ட கட்டளைகள் அவர் நினைவிலேயே நின்றன. எந்தப் பொதியை நீக்கினார், எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தினார் என்பதை வட்டைப் பெற்றவர் அறியார். சில திங்கள் கழித்து அவர்தாமும் அறியார். மூல வட்டின் புதுப்பதிப்பு வந்தால் முழு வேலையும் தொடக்கத்திலிருந்து செய்யப்படல் வேண்டும். ஆக்கியோர் ஊக்கம் குன்றியவுடன் வட்டும் வழக்கொழியும்.

ஏட்டுச்சுவடிகள் அச்சேறிய வரலாற்றை அறிந்தார்க்கு இக்குறை புதிதன்று. தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டு, கிடைத்த பிற பாடங்களைக் கூறாது விடுத்த பதிப்பு, பதிப்பித்தவரோடு முடிந்துவிடுகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தமையால் அன்றோ பின்வந்தோர் அவர் முடிபுகளை ஆராயவும் சிற்சில இடங்களில் மாறுபடவும் இயன்றது? இயங்குதளப் பதிப்பும் இத்தகைய குறிப்பினை வேண்டி நின்றது.

அக்குறிப்பு, செய்முறை ஏடாக வந்தது. 2007இல் பெடோரா 7 வெளியானபோது அதனோடு வந்த கருவி ஒரு புதுநெறியைக் காட்டிற்று. ஆக்குவோன் பழைய வட்டை விரித்துத் திருத்துவதில்லை. எந்தக் களஞ்சியம், எந்தப் பொதிகள், எந்த அமைப்புகள் என ஓர் எழுத்துக் கோப்பில் வரைகின்றான். கருவி அதனைப் படித்து, வெறுமையிலிருந்து தொடங்கி வட்டினைக் கட்டித் தருகின்றது. டெபியனில் இதே நெறியை லைவ்-பில்டு என்னும் கருவி பின்பற்றிற்று. 2009இல் வந்த டெபியன் 5.0 முதல், டெபியனே தன் நேரியங்கு வட்டுகளை வெளியிடலாயிற்று.

லைவ்-பில்டின் அமைப்பைச் சிறிது விளக்குதும். ஓர் அடைவில் பொதிப்பட்டியல் இருக்கும். வரிக்கு ஒரு பெயர். மற்றோர் அடைவில், வட்டினுள் அப்படியே சேர்க்கவேண்டிய கோப்புகள் இருக்கும். மூன்றாவது அடைவில், கட்டுமானத்தின் இறுதியில் இயங்கவேண்டிய சிறுநிரல்கள் இருக்கும். இரண்டு கட்டளைகளில் வேலை முடியும்: ஒன்று அமைப்பது, மற்றொன்று கட்டுவது. தமிழ்த்துறை ஒன்று தன் மாணவர்க்கு இத்தகைய வட்டு ஆக்க விரும்பின், பட்டியலில் லோகித் தமிழ் எழுத்துருப் பொதியினையும், 1999இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை அளிக்கும் உள்ளீட்டுப் பொதியினையும், லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகப் பொதியினையும் எழுதினால் போதும். ஓராண்டு கழித்து டெபியன் புதுப்பதிப்பு வரின், பட்டியலைத் திருப்பி எழுதவேண்டுவதில்லை. பெரும்பாலும் பதிப்பின் பெயரை மாற்றித் திரும்பக் கட்டினால் அமையும்.

இவ்வேட்டின் அளவு சில கிலோபைட்டுகளே. அதனால் விளையும் வட்டோ கிகாபைட்டுக் கணக்கினது. ஆயினும் படைப்பு எது எனக் கேட்பின், ஏடே படைப்பு. வட்டு அதன் அச்சுப்படி. காளி வழங்கலார் தம் கட்டுமான ஏடுகளை வெளிப்படையாக வைத்துள்ளமையின், அதனைப் பயில்வோர் எவரும் தமக்குரிய காளியைத் தாமே கட்டிக்கொள்கின்றனர்.

வழி ஒருவர் கையில் மட்டும் அடங்கியிருந்தால் நேரும் இடரைச் சூசி ஸ்டுடியோ வரலாறு காட்டும். 2009இல் தொடங்கிய அந்த இணையச் சேவை, கட்டளை எதுவும் அறியாதவரும் பொதிகளைத் தெரிந்தெடுத்துத் தமக்குரிய வட்டைப் பெறச் செய்தது. எளிமையில் அதற்கு இணையில்லை. ஆனால் கட்டுமானம் நடந்தது நிறுவனத்தாரின் கணிப்பொறியில். 2018இல் சேவை நிறுத்தப்பட்டபோது அவ்வெளிய வழியும் உடன்மறைந்தது. செய்முறை ஏடு பயனர் கையில் இருப்பதன் அருமை இதனால் விளங்கும்.

ஒரு மூலத்தினின்று தம் மக்களுக்குரிய பதிப்பை ஆக்கும் இம்மரபு இந்தியாவிற்கும் உரியதாயிற்று. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார் டெபியனை அடியாகக் கொண்டு, இந்திய மொழிகளில் வழங்கத்தக்க பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டமை ஈண்டு நினைத்தற்குரியது.

7. உரிமையோடு பிறந்த கடமை

மாற்றி வெளியிடுவோர் பெருகியபோது இரு வினாக்கள் எழுந்தன. ஒன்று சட்டம் பற்றியது. மற்றொன்று நம்பிக்கை பற்றியது.

க்னூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, இயங்கு வடிவில் மென்பொருளை வழங்குவோர் அதன் மூலநிரலையும் உடன் வழங்கவேண்டும், அல்லது மூன்றாண்டு செல்லத்தக்க எழுத்துறுதி அளிக்கவேண்டும் என விதிக்கின்றது. 'யாம் மாற்றாது அப்படியே சேர்த்த பொதிகளின் மூலநிரல் டெபியனிலேயே கிடைக்குமே. யாம் ஏன் தரவேண்டும்?' எனச் சிறுவழங்கல் ஆக்குவோர் கருதினர். 2006இல் மெபிஸ் என்னும் வழங்கலைக் குறித்து இவ்வினா வெளிப்பட எழுந்தது. மாற்றாத பொதியாயினும் வழங்குவோனே கடமைப்பட்டவன் எனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தெளிவாக்கியது. தனியொருவராய் வட்டு ஆக்குவோர்க்கு இது பெருஞ்சுமை என அன்று பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயின் மேலே உள்ளவர் களஞ்சியம் நாளை மூடப்படின், கீழே பெற்றவர் உரிமை வெற்றுரிமையாகிவிடும் அன்றோ? பெற்ற உரிமையைக் குறையாது கைமாற்றுதல் கடமை என்பதே உரிமத்தின் உள்ளம்.

நம்பிக்கை பற்றிய வினா இதனினும் கூரியது. எவரும் வட்டை மாற்றலாம் எனின், தீயோரும் மாற்றலாம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், லினக்ஸ் மின்ட் வழங்கலின் இணையதளத்துட் புகுந்தோர், கள்ளவழி வைத்த வட்டுப்படிமம் ஒன்றை உண்மைப் படிமமெனப் பதிவிறக்குமாறு செய்தனர். அன்று பெற்றவர் அறியாது தம் கணிப்பொறியைப் பிறர் கையில் ஒப்புவித்தவராயினர். படிமத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழக்கத்தின் இன்றியமையாமை அன்று பலர்க்கும் புலனாயிற்று.

கையொப்பமோ, இதனை இன்னார் வெளியிட்டார் என்பதற்கே சான்றாகும். அவர் கூறும் மூலத்திலிருந்தே இது விளைந்தது என்பதற்குச் சான்றாகாது. அதற்கு வேண்டுவது, ஒரே ஏட்டினை வெவ்வேறு கணிப்பொறிகளில் கட்டினும் எழுத்துப் பிசகாது ஒரே படிமம் விளைதல். கோப்புகளின் நேரக்குறிப்பும் வரிசைமுறையும் கட்டுந்தோறும் மாறுவதால் இவ்வொருமை எளிதில் வாராது. அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தி இந்நிலையை எய்தியவற்றுள் ஒன்று டெயில்ஸ். கண்காணிப்பிற்கு அஞ்சும் செய்தியாளர் முதலியோர் தடயமின்றிப் பணிபுரியவென 2009இல் தோன்றிய டெபியன் வழிவந்த நேரியங்கு அமைப்பு அது. எட்வர்டு ஸ்னோடன் 2013இல் அமெரிக்கக் கண்காணிப்புச் செய்திகளை வெளிப்படுத்தியபோது இதனைப் பயன்படுத்தினார் என்பது பரவலாக அறியப்பட்டது. 2017 முதல் டெயில்ஸ் படிமத்தை எவரும் தாமே கட்டி, வெளியிடப்பட்ட படிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். உயிரும் விடுதலையும் ஒரு வட்டை நம்பி நிற்கும் இடத்தில், 'நம்புக' என்னும் சொல் போதாது. 'செய்து பார்க்க' என்னும் சொல்லே வேண்டப்படுவது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு.

கட்டற்ற உரிமம் 1989 முதல் உளதேனும், முழு இயங்குதளத்தை மாற்றியமைத்து வெளியிடும் ஆற்றல் பொதுமக்களை எய்தியது 2000ஆம் ஆண்டிற்குப் பின்னரே. தொடங்கும் வழி, சுருக்கம், அடுக்குக் கோப்பமைப்பு, கருவியறிதல் ஆகியன ஒருங்கு சேர்ந்தமையும், டெபியனின் பொதி ஒழுங்கும் அதற்குக் காரணங்கள்.

முதற்படியில் தோன்றிய மீளச்சமைத்தல் பல வட்டுகளை ஈன்றது. ஆயின் அவற்றுட் பல ஆக்கியோரோடு ஓய்ந்தன. இரண்டாம் படியில் தோன்றிய செய்முறை ஏடு, மாற்றத்தை எழுத்தில் நிறுத்தியது. அதனால் பின்வருவோர் தொடரவும் திருத்தவும் மறுக்கவும் இயன்றது. நம்பிக்கையும் ஆள்மேல் வைப்பதாகாது, செய்முறையின்மேல் வைப்பதாயிற்று.

குறுந்தட்டு இந்நாளில் அருகிவிட்டது, படிமங்களை யூ.எஸ்.பி. நினைவகத்தில் எழுதுவதே பெருவழக்கு. எனினும் டேம் ஸ்மால் லினக்ஸ் 2024இல் திரும்ப வெளிவந்தபோது, 700 மெகாபைட்டு என்னும் குறுந்தட்டின் எல்லையையே தனக்கு வரம்பாக வகுத்துக்கொண்டது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என ஆராயும் ஒழுக்கத்தை அவ்வெல்லையே கற்பித்தது என்பதற்கு இதுவே சான்று.

நம் துறைகளில் மாணவர்க்கென இத்தகைய வட்டுகளை ஆக்க முற்படுவோர், வட்டை மட்டும் கொடுத்து அமையாது, அதனைக் கட்டிய ஏட்டையும் நூலகத்தில் வைத்தல் வேண்டும். வட்டு தேயும், படிமம் பழமையுறும், ஏடு இருப்பின் மற்றொருவர் அதனைக் கட்டுவர்.